ரெண்டு முந்தானை வைத்த ஃபைல்

என்னிடம் ஓவியம் கற்றுக்கொண்டு ஓவியக் கல்லூரிக்குப் போனவர்கள் இதுவரை ஆறு பேர். ஊரில் சிலர் இதை என் சாதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. (மறுக்கிற மாதிரி தலையை மட்டும் லேசாக ஆட்டுவேன். அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.) இன்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ஆறு பேரும் என்னால் சேரவில்லை, என்னையும் மீறிச் சேர்ந்தார்கள். அதிலும் முதலில் போன நஸ்ரினுக்கு நான் செய்த உதவி இன்னும் ஒரு கைப்பிடி கூடியிருந்தால், அவள் இந்நேரம் பி.காம். முடித்திருப்பாள்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அதற்கு முன்னால் ஏழு வருஷம் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். பகலில் புடவை விரித்துக்கொண்டே பரீட்சை எழுதி டிராயிங் மாஸ்டர் ஆனவன் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் கடையை விட்டு நான் வந்தேனே தவிர, கடை என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் வீட்டில் போர்வையை உதறினால் விருந்தாளி பக்கம் பார்டர் தெரிகிற மாதிரிதான் விழும்.

எங்கள் கடைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நல்லதை முதலில் காட்டாதே. கல்யாணக் குடும்பம் ஒன்று வந்து மெத்தையில் உட்கார்ந்தால், முதலில் எடுத்துப் போடுவது யாரும் வாங்கமாட்டார்கள் என்று எங்களுக்கே நன்றாகத் தெரிந்த புடவைகள். அப்புறம் சுமார். அப்புறம் சுமாருக்குக் கொஞ்சம் மேல். பெண்ணின் அம்மா முகம் வாடி, "சரி, வேற கடைல பாத்துக்கினு வர்றோம்பா" என்று செருப்பைத் தேடும்போதுதான் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டி வெளியே வரும். அதிலும் உடலைக் காட்டி, பார்டரைக் காட்டி, கடைசியில் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் முந்தானை பறந்து போய் அந்த அம்மா மடியில் விழும். அத்தோடு பில்.

ஏழு வருஷத்தில் இந்தச் சட்டம் ஒரே ஒரு தடவைதான் பொய்த்தது. நான் முதலில் எடுத்துப் போட்ட அரதப் பழசான பாக்குக் கலர் புடவையை, "இதே போதுங்க" என்று ஒரு பெண் எடுத்துக்கொண்டு போனாள். அவள் பெயர் கோமதி. இப்போது என் மனைவி.

நஸ்ரின் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்தவள். அவளுடைய அத்தா கரீம் பாய்க்கு ஐயம்பேட்டையில் வெல்டிங் பட்டறை. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். சென்னையில் உள்ள ஓவியக் கல்லூரியில் சேரவேண்டும் என்று அவள் கேட்டபோது, பாய் நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"சார், வரையறதுக்கு எதுக்கு சார் காலேஜு? நான் பட்டறைத் தரையில சாக்பீஸால மயில் போடுறேன், தாமரை போடுறேன். எந்தக் காலேஜு போனேன்?"

"பாய், அவ கைல விஷயம் இருக்குது."

"இருக்குட்டும் சார். வேணாம்னு சொல்லல. இங்கியே பி.காம். சீட்டு சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழம கடைசி நாளு. அதுக்கு முந்தின சனிக்கிழம உங்க இன்டர்வியூ. கெடச்சா அது. கெடக்கலன்னா இது. அதுக்கப்புறம் அவளும் அழக்கூடாது, நீங்களும் வந்து பேசக்கூடாது."

இதைவிட நியாயமாக ஒரு தகப்பன் பேசமுடியாது. நான் நெஞ்சில் கைவைத்து, "எங்கிட்ட விட்ருங்க பாய்" என்றேன். (அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.)

கல்லூரிக்கு வரைதல் தேர்வு தனி. அது போக, இதுவரை வரைந்தவற்றில் இருபதைத் தொகுத்து ஒரு ஃபைலாகக் கொண்டுபோய் நேர்முகத்தில் காட்டவேண்டும். போர்ட்ஃபோலியோ என்பார்கள். நஸ்ரினிடம் இருபது தேறியது. பன்னிரண்டு, என்னுடைய வகுப்பில் நான் சொல்லி அவள் வரைந்தவை. ஆப்பிள். குடம். பெட்டி மேல் கூம்பு. பிளாஸ்டிக் ரோஜா. சூரியன் உதிக்கும் மலைக்கு நடுவே நான்கு பறவைகள். மீதி ஏழும் இதே ஜாதி.

மற்ற எட்டு, எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் லீவில் இருந்தபோது அவளாகவே வரைந்தவை. ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நெருக்கியடிக்கும் ஏழு ஜோடி முழங்கால்கள். கருட சேவைக் கூட்டத்தில் பெருமாளைப் பார்க்காமல் செல்போன் திரையில் பெருமாளைத் தேடும் முகங்கள். வெங்காயம் உரிக்கும் அவள் அம்மாவின் முதுகு. எட்டாவதாக அவள் அத்தா. வெல்டிங் மூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கி நிற்பார். முழுக்கக் கரித்துண்டால் வரைந்தது. பார்த்தால் இரும்பு வாசனை வரும்.

எந்த எட்டு நன்றாக இருக்கிறது, எந்தப் பன்னிரண்டு வழக்கம்போல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் வினை. நல்லது எது என்று தெரிந்த சேல்ஸ்மேன் என்ன செய்வான்? கீழ்த்தட்டில் வைப்பான்.

"சார், யூடியூப்ல நல்லத முதல்ல வைக்கச் சொல்றாங்க சார்" என்றாள் நஸ்ரின்.

"யூடியூப்ல இருக்கறவங்க எத்தினி புடவை வித்திருக்காங்க?"

"நாமளும் புடவை விக்கலயே சார்."

"வியாபாரம் எல்லாம் ஒண்ணுதாம்மா. முதல்லயே அத்தாவக் காட்டிட்டா, அப்புறம் ஆப்பிள யாரு பாப்பாங்க?"

"ஆப்பிள எதுக்கு சார் பாக்கணும்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கும் இல்லை. பதில் இல்லாதபோது ஆசிரியர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். "சொன்னதச் செய்" என்றேன்.

வரிசையோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு இன்னொரு யோசனை வந்தது. இருபது தாளையும் காடாத் துணிப்பட்டை வைத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீளமாக்கி, விசிறி மாதிரி மடித்துவிட்டேன். ஒட்டி முடித்து அளந்தால் ஆறேகால் மீட்டர்! பிளவுஸ் பிட்டோடு சேர்த்து ஒரு பட்டுப்புடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பழைய புடவை அட்டைப்பெட்டியை எடுத்து அதில் வைத்து மூடினேன். கன கச்சிதம். தெய்வ சம்மதம் என்றே முடிவு செய்தேன்.

"அந்தப் பொண்ண படிக்க அனுப்புறியா, கட்டிக் குடுக்குறியா?" என்றாள் கோமதி.

சனிக்கிழமை விடிந்ததும் பாயும் நஸ்ரினும் நானும் பஸ் பிடித்துச் சென்னை போய்ச் சேர்ந்தோம். வழிநெடுக பெட்டியை நான்தான் மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள், "கல்யாணமா? என்னா வெல?" என்று கேட்டார்.

நேர்முகம் நடந்த அறையின் கதவு காற்றுக்காகத் திறந்தே இருந்தது. எதிரே வராந்தா பெஞ்சில் பாயும் நானும். உள்ளே மேசைக்குப் பின்னால் குட்டை முடியோடு ஒரு பேராசிரியை, அவர் பக்கத்தில் தாடி வைத்த ஒருவர். முன்னால் டீ கிளாஸ்கள். நஸ்ரின் போய் நின்று பெட்டியை வைத்தாள்.

"என்னம்மா, புடவையா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம், டிராயிங்ஸ்."

மேடம் சிரித்துக்கொண்டே திறந்தார். முதல் மடிப்பு, ஆப்பிள். இரண்டாவது, குடம். மூன்றாவது, பெட்டி மேல் கூம்பு. சிரிப்பு குறைந்தது. நான்காவது, பிளாஸ்டிக் ரோஜா. ஐந்தாவதாக அந்த நான்கு பறவைகள் பறந்தபோது தாடிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் பாயின் தொடையைத் தட்டி, "இப்பதான் பாய் சூடு பிடிக்குது" என்றேன்.

மேடம் மடிப்பை மூடினார். "ஓகேம்மா. தாங்க் யூ. அடுத்தவங்களை வரச் சொல்லு."

"மேடம், பின்னாடி..." என்றாள் நஸ்ரின்.

"முடிஞ்சுதா சார்? அதுக்குள்ளவா?" என்றார் பாய். அவர் முகத்தில் வெற்றி இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. பி.காம். சொல்லி வைத்திருந்த மனிதர், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல. எதிரே ஒருவர் பெட்டியை மூடி 'வேண்டாம்' என்கிறார். ஏழு வருஷம் பழகிய உடம்பு அது. பெஞ்சிலிருந்து எழுந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியது. (பட்டு மெத்தையை மிதிக்கப் போகிறோம் அல்லவா!) உள்ளே ஓடியது.

"அம்மா! ஒரே நிமிஷம்மா! எழுந்துக்காதீங்க! நல்ல அயிட்டமே இன்னும் எடுத்துப் போடலம்மா!"

"யார் சார் நீங்க?" என்று தாடிக்காரர் எழுந்தார்.

"கடை..." என்று ஆரம்பித்து, "டிராயிங் மாஸ்டர்" என்று முடித்தேன்.

பெட்டியிலிருந்த மடிப்பின் கடைசி நுனியை எடுத்தேன். மணிக்கட்டைச் சுண்டினேன். பட்டுக்கும் சார்ட் பேப்பருக்கும் வித்தியாசம் உண்டு என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. பட்டு பறக்கும். சார்ட் பேப்பர் அடிக்கும். கடை ஷட்டரை இறக்கின மாதிரி தடதடதடவென்று ஆறேகால் மீட்டரும் மேசைமேல் பிரிந்து ஓடியது. ஒரு டீ கிளாஸ் கவிழ்ந்தது. மேடத்தின் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பேனா ஸ்டாண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

டீ முழுவதும் ஆப்பிள் மேல் கொட்டியது. (இருபது படத்தில் டீ தேர்ந்தெடுத்த படத்தைப் பாருங்கள். டீக்கு ரசனை உண்டு.)

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் விரித்தபின் அடுத்த வேலை என்ன என்பது கைக்குத் தெரியும். நுனியைத் தூக்கி என் இடது தோளில் போட்டு, நெஞ்சில் நீவிவிட்டு, வயிற்றை எக்கி, கொஞ்சம் ஒயிலாகத் திரும்பி நின்றேன்.

"பாடியப் பாத்து முடிவு பண்ணாதீங்கம்மா. இதான் முந்தானை. கூல்டிரிங்ஸ் ஏதாவது சொல்லட்டுங்களா?"

என் காதிலேயே அது விழுந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. நஸ்ரின் துப்பட்டாவால் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டாள். தாடிக்காரர் வாட்ச்மேனைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

"இருங்க" என்றார் மேடம்.

நெற்றிக்குப் போன கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்தார். நான் படத்தைக் கழற்றப் போனேன்.

"அசையாதீங்க."

அசையவில்லை. ஜவுளிக்கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்குமே பொம்மை, அதற்கும் எனக்கும் அந்த நேரத்தில் வித்தியாசம் மூச்சு மட்டும்தான். எனக்கு எதிரில் நின்று என் நெஞ்சையே இரண்டு பேராசிரியர்கள் உற்றுப் பார்த்தார்கள். "இந்தக் கண்ணோரத்தப் பாருங்க சார்." "ஆமா மேடம், அந்தக் கை..." அந்தக் கை என் விலா எலும்பு மேல் இருந்தது. தாடிக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். எனக்குக் கூச்சம் அதிகம். ஒரு பெண்ணின் எதிர்காலம் என் விலாவில் தொங்குகிறது என்பதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்படியே என் தோளிலிருந்து பின்னோக்கி நடந்தார்கள். வெங்காயம். கருட சேவை. ஷேர் ஆட்டோ முழங்கால்களிடம் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். எட்டு படம் முடிந்து, என்னுடைய பன்னிரண்டு தொடங்கும் இடத்தில் இருவரும், தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்ததுபோல் நின்றார்கள்.

"ஏம்மா," என்றார் மேடம், "இந்த ஆப்பிள், குடம் எல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது?"

நஸ்ரின் துப்பட்டாவைக் கொஞ்சம் இறக்கினாள். "சார்தான் மேடம்."

"அப்ப இந்த எட்டு?"

"அப்ப சார் லீவு மேடம்."

தாடிக்காரர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் இருந்து குரல் வந்தது. "நஸ்ரினு... அது நானா?"

கரீம் பாய். அந்தப் படத்தை அவள் அவரிடம் காட்டியதே இல்லை. என் தோளில் தொங்கும் தன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "உள்ள வாங்க" என்றார்.

பாய் வரவில்லை. வாசற்படியிலேயே நின்று, "மூடியத் தூக்கினதும் ஒரு செகண்டு கண்ணு ஒண்ணுமே தெரியாது மேடம். அந்த செகண்டப் போட்டுக்கீது" என்றார். அப்புறம் மெதுவாக, "இவ்ளோ நேரம் என்னப் பாத்துக்கினு இருந்துச்சா இது?"

நான் மூக்கை உறிஞ்சினேன். படம் அசைந்தது.

"சார், நீங்க வெளிய போலாம்" என்றார் மேடம் என்னிடம். "படத்தக் கழட்டிட்டுப் போங்க."

பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்கு ஒட்டப்படும் என்றார்கள். மதியம் மூவரும் ஓட்டலில் உட்கார்ந்தோம். நஸ்ரின் என்னோடு பேசவில்லை. பாய்தான், "சாப்புடுங்க சார். என் மூஞ்சிய அவ்ளோ நேரம் சொமந்துகினு நின்னீங்க, பசிக்கும்" என்றார். எனக்கு இட்லிகூட இறங்கவில்லை. பி.காம். புத்தகங்கள் எப்படி இருக்கும், அவற்றின் ஓரங்களில் அவள் எத்தனை முழங்கால் வரைவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஓட்டலில் சட்னி மிச்சம் வைத்த ஒரே நாள் அது.

ஐந்து மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய் மேலிருந்து படித்தேன். இல்லை. இல்லை. பாதி வந்தும் இல்லை. எழுத்து நெளிய ஆரம்பித்தது. பாயிடம் எந்த முகத்தோடு திரும்புவது என்று நான் யோசித்தபோது, என் முழங்கைக்குக் கீழே இருந்து ஒரு கீச்சுக் குரல்.

"சார்! இருக்குது சார்!"

கடைசிப் பெயர். மொத்தப் பட்டியலிலும் கடைசி. நஸ்ரின் கீழே குனிந்து அங்கிருந்து படிக்க ஆரம்பித்திருந்தாள்.

"நீ ஏம்மா கீழருந்து படிச்ச?"

"உங்க பழக்கந்தான் சார்" என்றாள். நேர்முகத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். நான் அந்த அறிவிப்புப் பலகையிலேயே சாய்ந்துகொண்டேன். பட்டியலை ஒட்டிய பசை முதுகெல்லாம் ஒட்டியது. கழுவாமல் அப்படியே ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பாய் யாருக்கோ போன் செய்து, "அந்த பி.காம். சீட்ட வேற புள்ளைக்குக் குட்துருப்பா" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே, வாலாஜாபாத் வருவதற்குள் தூங்கிவிட்டேன். மூன்று வாரமாகத் தூங்காத தூக்கம்.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று முடித்தால் நன்றாக இருக்கும். திருந்தவும் செய்தேன். அடுத்த வருஷம் தென்னேரியிலிருந்து மணிகண்டன் என்று ஒரு விவசாயி மகன். ஏரிக்கரை மாடுகளை அவ்வளவு நன்றாக வரைவான். இந்தத் தடவை சட்டத்தைத் திருப்பிப் போட்டேன். மாடுகளெல்லாம் முதலில். என் ஆப்பிள் கடைசியில், யார் கண்ணிலும் படாமல். மடிப்பு மட்டும் அதே விசிறி மடிப்பு. (அளவு அப்படிப் பொருந்தும்போது விட மனம் வருமா?) நான் சென்னைக்கே போகவில்லை. ஊரிலேயே இருந்து உதவி செய்தேன்.

மணிகண்டன் திரும்பி வந்து சொன்னான்: "சார், அதே மேடந்தான் சார். எந்த ஊருன்னு கேட்டாங்க. காஞ்சிபுரம் பக்கம்னு சொன்னேன். 'ஓ, காஞ்சிபுரமா'ன்னு சிரிச்சிக்கினே பெட்டியத் தலைகீழா கவுத்துட்டு, பின்னாடிலேந்து தொறந்தாங்க சார்."

"ஆப்பிளா?"

"ஆப்பிள் சார். அப்புறம் குடம் சார்."

"அய்யய்யோ. நீ என்னடா பண்ண?"

"'மேடம், சார் திருந்திட்டாரு, அந்தப் பக்கம் பாருங்க'ன்னேன் சார்."

அவனுக்கும் சீட்டு கிடைத்தது. அவன் வாய்க்காகவே கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து நான் கட்டும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ரெண்டு பக்கமும் முந்தானை. எந்தப் பக்கம் திறந்தாலும் நல்ல படம். நடுவில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், என் பாடங்கள். உலகத்தில் எந்தத் தறியிலும் இப்படி ஒரு புடவை நெய்திருக்கமாட்டார்கள்.

நஸ்ரின் இப்போது கடைசி வருஷம். லீவுக்கு ஊருக்கு வந்தால் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அவள் எடுக்கிறாள். "சார், நீங்க போய் லீவு எடுங்க சார், பசங்க நல்லா வரையணும்" என்று என்னை அனுப்பிவிடுகிறாள். டீ கொட்டிய அந்த ஆப்பிளை பாய் இரும்புச் சட்டம் போட்டு எனக்கே பரிசளித்தார். எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அது என்னவென்று யாராவது கேட்டால் போதும், கோமதி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து முழுக் கதையையும் சொல்வாள். தோளில் துண்டைப் போட்டு, வயிற்றை எக்கி, ஒயிலாகத் திரும்பி நின்றும் காட்டுவாள். என்னைவிட நன்றாகவே செய்கிறாள்.

போன வாரம் வந்திருந்த என் சித்தப்பா சிரித்து முடித்துவிட்டு, "அது சரிம்மா, இவனக் கட்டிக்கினு நீ எப்டி இருக்க?" என்று கேட்டார்.

"கல்யாணமான புதுசுல நல்லாத்தான் மாமா இருந்துச்சு" என்றாள் கோமதி. "இப்ப நடுவுல ஆப்பிள், குடமெல்லாம் ஓடிக்கினு இருக்குது. அந்தப் பக்கத்து முந்தானைக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்."